பாங்கொக்கில் பார் க்ரோல்: டிக்கெட் எடுக்க முதல் என்னென்ன கேட்கோணும்?

நிலாவெளி_நவம்பர்

வணக்கம். இங்க திருகோணமலையில சீசன் முடிய, நவம்பர் நடுவில நாலு பேர் பாங்கொக் போறம். மூண்டு இரவுதான். ஒருத்தருக்கும் அந்த ஊர் பழக்கமில்லை. ஒரு இரவுக்கு, கைட் ஒருத்தர் நாலு பாருக்குக் கூட்டிக்கொண்டு போற 'பார் க்ரோல்' டிக்கெட் எடுப்பம் எண்டு யோசினை. காவ் சான் ரோட் பக்கம். டிக்கெட்டில போட்டிருக்கிறது இதுதான்: முதல் பாரில ஒரு மணித்தியாலம் அளவில்லாத குடி, மற்ற பார்களில ஒவ்வொரு ஷொட், கடைசியில கிளப் நுழைவு இலவசம்.

உண்மையில இதில என்ன கிடைக்கும்? எங்களில ஒருத்தர் குடிக்கிறதில்லை, அவருக்கும் முழுக்காசு கட்டோணுமா? பூரணையண்டு இங்க மாதிரி அங்கயும் பூட்டுவாங்களா? பாஸ்போர்ட்டைக் கையில வச்சிருக்கோணுமா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

உவர்மலை_சுற்று

தம்பி, 'அளவில்லாத' எண்ட சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்கோ. அந்த ஒரு மணித்தியாலம் டிக்கெட்டில இருக்கிற நேரத்துக்குத் தொடங்கும், நீங்கள் போய்ச் சேருற நேரத்துக்கு இல்லை. 8 மணி எண்டு போட்டிருக்க 8.40க்குப் போனால் மிச்சம் 20 நிமிசம். அடுத்தது வரிசை. ஒரு கிளாஸ் ஊத்திக் குடுக்க அரை நிமிசம் எண்டு வச்சாலும், ஐம்பது பேருக்கு ஒரு ஆள் நிண்டு ஊத்தினால் ஒரு சுற்று முடிய 25 நிமிசம் போகும். ஆக, அளவில்லாத குடி எண்டது கையில இரண்டு கிளாஸ். அதுவும் அந்த ஊர் பியர், இல்லாட்டி அந்த ஊர்ச் சாராயத்தோட சோடா. வெளிநாட்டுப் போத்தல் அந்தப் பக்கமே வராது.

மற்ற பார்களில தாற ஷொட் நிறமா, இனிப்பா, அநேகமா பாணிதான். இதை ஏமாத்து எண்டு சொல்லமாட்டன். பார்க்காரன் முதல் ஷொட்டை விடுறதே நீங்கள் இரண்டாவதைக் காசு குடுத்து வாங்குவீங்கள் எண்டுதான். அதால டிக்கெட் காசு மட்டும்தான் செலவு எண்டு நினைக்க வேண்டாம். ஒரு பாருக்கு ஒரு கிளாஸாவது சொந்தக்காசில போகும் எண்டு கணக்கு வையுங்கோ. மெனுவில விலைக்குப் பக்கத்தில '++' எண்டு கிடந்தால் அதுக்கு மேல 10% சேவைக் கட்டணமும் 7% வற் வரியும் ஏறும். ரோட்டோரக் கடைகளில அநேகமா போட்ட விலைதான்.

காசை விட முக்கியம் ஆள்தொகை. எங்களுக்கு ஓய்வான நவம்பர் அங்க நல்ல சீசன். மழை விட்டு, நவம்பர் முதல் பெப்ரவரி வரை சனம் குவியும். டிக்கெட் எடுக்க முதல் நடத்துறவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ: அண்டைக்கு எத்தனை பேர், எத்தனை கைட்? பதினைஞ்சு பேருக்கு ஒரு கைட் எண்டால் நல்லது. இருபத்தைஞ்சு தாண்டினால் அந்த ஆள் தலை எண்ணமாட்டார், எண்ணவும் ஏலாது. நல்லா நடத்துற இடத்தில ஒருத்தர் முன்னால கொடியோட போவார், ஒருத்தர் பின்னால கழிப்பறையில நிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வருவார். பின்னுக்கு ஆள் இல்லாத க்ரோல்ல இரண்டாவது பாருக்கும் மூண்டாவது பாருக்கும் இடையிலதான் ஆக்கள் தொலையிறது. ஏனெண்டால் அப்பதான் வெறி ஏறத் தொடங்கும், தெருவிலயும் சனம் முட்டும்.

அதே மெசேஜில பார்களின்ர பெயரையும் கேளுங்கோ. 'அண்டைக்குப் பார்த்துத்தான் சொல்லுவம்' எண்டு வந்தால் விடுங்கோ, எந்தப் பார் கூடக் கொமிசன் குடுக்குதோ அங்கதான் கொண்டு போவாங்கள். ஆள் சேராட்டி நிப்பாட்டுவாங்களா, காசு திரும்பி வருமா எண்டதையும் எழுத்தில வாங்குங்கோ.

விமர்சனம் வாசிக்கிறதெண்டால் இரண்டு நட்சத்திரமும் மூண்டு நட்சத்திரமும் வாசியுங்கோ. ஐஞ்சு குடுத்தவர் வெறியில குடுத்திருப்பார், ஒண்டு குடுத்தவர் கோவத்தில. 'நாலு பார் எண்டு மூண்டுதான் போனது', 'எங்களை விட்டுட்டுப் போயிட்டினம்' எண்டது திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உண்மை.

குடிக்காத ஆளுக்கு: சில இடத்தில குறைச்ச விலை டிக்கெட் இருக்கு, ஆனால் வெப்சைட்டில போடமாட்டாங்கள், கேட்டால்தான் வரும். இல்லையெண்டால் காவ் சான் ரோட்டோரப் பார்களுக்கு நுழைவுக்காசு கிடையாது. அவர் டிக்கெட் இல்லாமலே கூட வரலாம், கடைசிக் கிளப்புக்கு மட்டும் காசு கட்டலாம். கைட்டுக்கு முதலே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. உண்மையைச் சொன்னால் அந்த நாலாவது ஆள் உங்களுக்குக் கிடைச்ச வரம்.

துறைமுகக்_காற்று

மேல சொன்னதோட குடியின்ர கணக்கையும் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்க கிளாஸ் அளவு எங்கட அளவு இல்லை.

மில்லிலீட்டரைச் சதவீதத்தாலும் 0.789 ஆலும் பெருக்கினால் மதுசாரம் எத்தனை கிராம் என்று வரும். 625 மில்லி லயன் லாகர், 4.8%: ஏறத்தாழ 24 கிராம். அதே போத்தலில் 8.8% ஸ்ட்ரோங்: 43 கிராம். இப்ப காவ் சானில விக்கிற 'பக்கெற்' என்ற சாமானைப் பாருங்கோ. கடற்கரையில பிள்ளைகள் மண் அள்ளி விளையாடுற அளவு பிளாஸ்டிக் வாளி. ஐஸ், கோலா, ஒரு எனர்ஜி பானம், அதோட 40% ரம் சின்னப் போத்தல் ஒன்று, நாலைந்து ஸ்ட்ரோ. அந்தப் போத்தல் 300 மில்லி என்றால் 95 கிராம். அதாவது நாலு லயன் லாகர் போத்தல், சோடா மாதிரி உறிஞ்சிக் குடிக்கக்கூடிய வடிவில. எனர்ஜி பானத்தில் உள்ள கஃபீன் மயக்கத்தை மறைக்கும், மதுவைக் குறைக்காது. ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். தனி ஆளா ஒரு வாளி முடிச்சால் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் உடம்பில இருக்கும். வாங்கினால் நாலு பேருக்கு ஒன்று, அதுவும் ஊத்துறதைப் பார்த்து நின்று வாங்குங்கோ.

இன்னொரு சிக்கல் ஒருத்தரும் யோசிக்கிறதில்லை: நேரம். பாங்கொக் எங்களை விட ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க 8 மணிக்கு ஆக்கள் கூடுற நேரம் திருகோணமலையில 6.30. வயிறு இன்னும் இராச்சாப்பாட்டுக்குத் தயாரில்லை, பசிக்காது, அதனால வெறும் வயிற்றோட போய் நிற்பீங்கள். எங்கட ஆக்கள் பைட்ஸோட இருந்து மெதுவாக் குடிச்சுப் பழகினவை. க்ரோலில பைட்ஸ் கிடையாது, நடை மட்டும்தான். பசிச்சாலும் பசிக்காட்டியும் 7 மணிக்குச் சோறு சாப்பிடுங்கோ. அங்க 'காவோ மன் காய்' என்று கோழிச்சோறு தெருவுக்குத் தெரு இருக்கு, உறைப்பும் இல்லை. ஒவ்வொரு பாரிலயும் ஒரு தண்ணிப் போத்தல்.

தடிமலுக்குப் பிரிட்டோன் போட்டிருந்தால் அன்றைக்குக் குடிக்காதீங்கோ, இரண்டும் சேர்ந்தால் நித்திரை அடிச்சுப் போடும். மெட்ரோனிடசோல் என்ற அன்ரிபயோட்டிக் எடுக்கிற ஆளும் அப்படித்தான், அது முடிஞ்சு மூன்று நாள் போகவேணும். படுக்க முதல் தலையிடிக்கு என்று இரண்டு பனடோல் போடுற பழக்கத்தையும் அன்றைக்கு விடுங்கோ, ஈரலுக்கு ஏற்கனவே வேலை இருக்கு.

அடுத்தது மெதனோல், அதாவது கள்ளச் சாராயத்தில கலந்து வாற நஞ்சு. 2024 ஓகஸ்டில் பாங்கொக்கிலேயே 'யா டோங்' என்ற மூலிகைச் சாராயம் குடிச்சுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போய், சிலர் இறந்தும் போனார்கள். அதே வருசம் நவம்பரில் லாவோஸ் வாங் வியெங்கில ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இங்க கசிப்பால நடக்கிற அதே கதைதான். முத்திரை உடைக்காத போத்தல், கான் பியர் இரண்டும் பயமில்லாதவை. தெருவில கண்ணாடிச் சாடிக்குள்ள வேர் ஊறிக் கிடக்கிற சாமானை யார் இலவசமாத் தந்தாலும் வேண்டாம். குடிச்சு 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள்ள கண் மங்கினால், வெள்ளைப் பனிமூட்டம் மாதிரித் தெரிந்தால், மூச்சு வேகமா வாங்கினால் அது வெறி முறிவு இல்லை. படுத்து எழும்பினால் சரிவரும் என்று விடாதீங்கோ, உடனே ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் 1669.

டச்பே_குறுக்குத்தெரு

பூரணைக் கேள்விக்கு: அங்க எல்லாப் போயாவும் மது நிப்பாட்டுற நாள் இல்லை. வருசத்தில ஐந்து நாள்தான்: மாக பூஜை, விசாகம் (எங்கட வெசாக்), அசாள்ஹ பூஜை, அதுக்கு அடுத்த நாள் வாற வஸ் (பிக்குமாரின்ர மழைக்காலத் தங்கல்) தொடக்கம், ஒக்டோபர் அளவில வாற வஸ் முடிவு. 2025இல ஹோட்டல், லைசன்ஸ் உள்ள கேளிக்கை இடங்களுக்கு விலக்கும் குடுத்தாச்சு. நவம்பர் பூரணைக்கு லோய் கிரதோங் விளக்குத் திருவிழா, அது பூட்டுற நாள் இல்லை, ஆனால் ஆத்தங்கரைப் பக்கம் ரோட்டெல்லாம் சனம். அண்டைக்கு க்ரோல் வைக்காதேங்கோ. தேர்தல் வந்தால் மட்டும் கவனம், முதல் நாள் பின்னேரம் 6 மணியோட விற்பனை நிக்கும்.

வயசு எல்லை அங்க 20. இங்க 21 எண்டபடியால் உங்களுக்குப் பிரச்சினை வராது. பாஸ்போர்ட்: ரோட்டோரப் பார் கேக்காது. கிளப் வாசலில கேப்பான், சில வாசலில போட்டோகொப்பி எடுபடாது. 'கடைசிக் கிளப்புக்கு ஒரிஜினல் வேணுமா' எண்டு கைட்டிட்டக் கேளுங்கோ. வேணுமெண்டால் ஸிப் வச்ச உள்பொக்கெற், பின்பொக்கெற் இல்லை. வேண்டாமெண்டால் ஹோட்டல் பெட்டகம்.

திரும்பி வாற வழியைப் போக முதலே முடிவெடுங்கோ. காவ் சானுக்குப் பக்கத்தில ஸ்கைட்ரெய்ன் கிடையாது, நிலத்தடி ரயில் 'சாம் யோட்' கொஞ்சத் தூரம், அதுவும் நள்ளிரவோட முடியும். க்ரோல் முடியிறது அதுக்குப் பிறகு. ஆக போன் செயலியில கூப்பிடுற வாடகைக் கார்தான்: கிராப், இல்லாட்டி போல்ட். போனில 30% சார்ஜ் மிச்சம் இருக்கேக்க எழும்புங்கோ. ஹோட்டல் கார்டின்ர தாய் எழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ, டாக்சிக்காரருக்கு ஆங்கிலப் பெயர் விளங்காமல் போகும். டுக்டுக்கில ஏற முதல் விலையைப் பேசி, விரலால இல்லை, போனில எண்ணா எழுதிக் காட்டுங்கோ.

காசு: எங்கட வங்கி அட்டையை வெளிநாட்டுக்குத் திறந்துவிடச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அங்க ஏரிஎம்மில ஒவ்வொருக்காலும் 200 பாட்டுக்கு மேல கட்டணம் வெட்டும், அதால ஒரே தரம் எடுங்கோ. க்ரோலுக்குச் சின்னத் தாள்களா அளவான காசு மட்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் அந்த அந்த நேரமே குடுங்கோ, பில் திறந்து வைச்சால் கூட வந்த ஐம்பது பேரில யாருடைய கணக்கும் உங்கட தலையில விழலாம்.

நடுவில ஒருத்தன் லமினேட் அட்டையைக் காட்டி 'மாடியில ஷோ, பியர் 100 பாட்' எண்டு கூப்பிட்டால், முக்கியமா பட்போங் எண்ட இரவுக் கேளிக்கைத் தெருப் பக்கம், போகாதேங்கோ. இறங்கேக்க பில்லில ஆயிரக்கணக்கில இருக்கும், வாசலை மறிச்சு ஆள் நிக்கும். சுற்றுலாப் பொலிஸ் 1155.

நிலாவெளி_நவம்பர்

அண்ணைமார், மிச்சம் நன்றி. இன்னும் இரண்டு. வந்து இறங்கின முதல் இரவே போகலாமா? பிடிக்காட்டி இடையில கழண்டு வாறது மரியாதைக்கேடா?

உவர்மலை_சுற்று

முதல் இரவு வேண்டாம். இங்க இருந்து கட்டுநாயக்கவுக்கு ஆறு மணித்தியாலம், பிறகு விமானம் மூண்டரை, அந்தக் களைப்பில இரண்டு கிளாஸே கூட. கடைசி இரவும் வேண்டாம், விடிய விமானம். நடு இரவுதான். பகலில ஒருக்கா அந்தத் தெருவை நடந்து பார்த்து, ஏதாவது ஒரு மூலைக் கடையை 'தொலைஞ்சால் இங்க நிக்கோணும்' எண்டு நாலு பேரும் பேசி வையுங்கோ.

கழண்டு வாறதில ஒரு மரியாதைக்கேடும் இல்லை. கைட்டிட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ, இல்லாட்டி பாவம் தேடிக்கொண்டு நிப்பார். முதல் இரண்டு பாரிலதான் ஆக்கள் பெயர் கேட்டு, ஊர் கேட்டுக் கதைப்பினம். கடைசிக் கிளப்பில ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காது. மூண்டாவது பாரோட வந்தாலும் டிக்கெட் காசுக்கு நட்டமில்லை.

கன்னியா_வெந்நீர்

இடையில ஒரு கேள்வி. இதே மாதிரி உப்புவெளியில ஒண்டு நடத்தினால் என்ன?

டச்பே_குறுக்குத்தெரு

உப்புவெளிக் கரையில லைசன்ஸ் உள்ள ஹோட்டல்கள் நடந்து போற தூரத்தில இருக்கு, அது வரைக்கும் சரி. ஆனால் கையில கானோட மணலில ஒண்டில இருந்து ஒண்டுக்கு நடந்தால் பொது இடத்தில குடிச்ச குற்றம். நிலாவெளியைச் சேர்க்கிறதெண்டால் வான் வேணும். மாதம் ஒரு போயா அடியோட பூட்டு. தவறணையையும் பட்டியலில போடலாம் எண்டு யாரும் சொல்லுவீங்கள், பனங்கள்ளு இருட்டும் வரைக்கும் காத்திராது, புளிச்சுப் போகும்.

அது வேற திரியில கதைப்பம். நிலாவெளித் தம்பி, ஒண்டு விட்டுப் போச்சு: கூட வாறவையில யாராவது வேப் பாவிக்கிறதெண்டால் வீட்டில வச்சிட்டு வரச் சொல்லுங்கோ. தாய்லாந்தில அது சட்டவிரோதம், பையில கிடந்தாலே பிடிப்பாங்கள்.