புதுப்பிப்பு: 16 டன் நிலக்கரி வேகனின் பிளாஸ்டிக் பளபளப்பு போய்விட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1:76 அளவில் பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி), ஒட்டி முடித்தும் பொம்மை மாதிரியே மின்னுகிறது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஹேர்ஸ்பிரே யோசனைதான். முதலில் துரு நிற அக்ரிலிக் பெயிண்ட். அது நன்றாகக் காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே, அப்புறம் சாம்பல் நிற அக்ரிலிக். மேல் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், அடியில் உள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து சாம்பல் நிறம் செதில் செதிலாக உரிகிறது. கதவு விளிம்பு, அடிப்பகுதி மட்டும் போதும். கை ஓய்வதற்குள் நிறுத்தாவிட்டால் காயலான் கடைச் சரக்காகிவிடும். முனைக் கதவு (வேகனின் ஒரு முனையில் திறக்கும் கதவு) எந்தப் பக்கம் என்று காட்டும் வெள்ளைச் சாய்கோட்டை உரிப்பதற்கு முன்பே பெயிண்டில் போட்டுவிடுங்கள், அதுவும் சேர்ந்து தேய்ந்தால்தான் அழகு.

இரண்டு பூச்சுகளுக்கு நடுவே உப்பு தூவி, பிறகு தேய்த்து எடுக்கும் முறை இந்தச் சின்ன அளவுக்குச் சரிப்படவில்லை, திட்டுகள் பெரிதாகத் தெரிந்தன.

எதிர்பாராத ஒன்று: மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும், மேலே பூசியிருந்த துரு நிறப் பொடி பாதி மறைந்துவிட்டது. ஆகவே வார்னிஷ் முதலில், பொடி கடைசியில். உள்ளே நிஜ நிலக்கரியையே இடித்துச் சலித்து, தண்ணீர் கலந்த பிவிஏ பசையில் (வெள்ளைப் பசை) ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஒட்டினேன்.