இலங்கை மலைநாட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களே, எதை முதலில் வாங்கினீர்கள்?

நாலுகம்பி ஹட்டன்:

எந்தப் பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார். பெரும்பாலும் கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன்கள். கையில் ஒரு பேஸ், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோ, கொஞ்சம் சேர்த்து வைத்த காசு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தம்பி, நீ வாசிக்கிற சத்தம் கடைசியில் எந்தப் பொக்ஸிலிருந்து சனத்துக்குக் கேட்கிறது?

நம் பக்கத்தில் அது அநேகமாக அவனுடைய ஆம்ப் இல்லை. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சர்ச் எதுவானாலும் வாடகைக்கு வந்த சவுண்ட் செட்தான் பேசும். மேடையில் நம் ஆம்ப் நமக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அதனால் என் வரிசை இப்படி: கைக்குப் பிடித்த ஒரு சாதாரண பேஸ், ஒரு நல்ல டிஐ பெட்டி (பேஸின் சிக்னலை சவுண்ட் செட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது), ஒரு சின்ன ஆம்ப். பெடல் எல்லாம் அதற்குப் பிறகு. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள், எழுதுங்கள்.

கொட்டகலையில் ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட்காரர் என் கேபிளைப் பிடுங்கி, மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை போகும் நீள வயரில் நேராகச் செருகப் பார்த்தார். பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப்பிலிருந்து (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தம்) வரும் சிக்னல் பலவீனமானது. இம்பீடன்ஸ் (ஒரு வகை மின்தடை) கூடுதலாக இருப்பதால் கேபிள் நீள நீள மேல் சத்தம் எல்லாம் செத்துப்போகும், வழியில் கிடைக்கிற இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு போகும். டிஐ அதை இம்பீடன்ஸ் குறைந்த, பேலன்ஸ்ட் (வழியில் சேரும் இரைச்சலை வெட்டிவிடும்) சிக்னலாக மாற்றி மைக் வயரிலேயே அனுப்பிவிடும். உள்ளங்கை அளவு பெட்டி. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவருக்கும் நிம்மதி.

அப்புறமும் என் சத்தம் தெளிவாக வரவில்லை. இரண்டாவது பாட்டில்தான் பிடிபட்டது. கீபோர்ட்காரர் ஸ்டைல் (கீபோர்டிலேயே பதிந்திருக்கும் பின்னணி) போட்டு வாசிக்கிறார், அந்த ஸ்டைலுக்குள்ளேயே ஒரு ஆட்டோ பேஸ் ஓடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு பேஸ். நான் ஒரு சுரம் முந்திப் போனால் அது பிந்தி வருகிறது. "அண்ணே, அந்த பேஸ் பார்ட்டை மட்டும் ஒஃப் பண்ணுங்க" என்றேன், பண்ணினார். இடைவேளையில் சவுண்ட்காரர் வந்து, "நீங்க நிஜமாவே வாசிக்கிறீங்களா? நான் கீபோர்ட்லருந்து வருதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். எந்த ஆயிரம் வாட்ஸ் ஆம்பாலும் தீர்க்க முடியாத பிரச்சினை அது.

இன்னொன்று. நாலு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். வாடகை செட்டில் சப் (கீழ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இல்லாமல் டொப் பொக்ஸ் மட்டும் வந்தால் அந்த ஆழம் சரியாக வெளியே வராது. காதுக்குப் போவது அதற்கு மேலே 82, 123 என்று அதன் மடங்குகளாக வரும் ஹார்மோனிக்ஸ்தான். கேட்கவில்லை என்று பேஸ் குமிழைத் திருகினால் ஆம்பின் பலம் எல்லாம் கேட்காத சத்தத்துக்கே போகும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது மூக்கடைத்த மாதிரி இருக்கும், மண்டபத்தில் அதுதான் கேட்கும்.

பண்டாரவளை பேஸ்மேன்:

டிஐ விஷயத்தில் ஹட்டன்காரர் சொல்றதோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா "ஒரு சாதாரண பேஸ்"னு ஒரே வார்த்தையில தாண்டிட்டார். அங்கதானே எல்லாரும் மாட்டுறாங்க.

கொழும்பில ஒரு கடைக்கு நானும் எங்க சர்ச்ல வாசிக்கிற ஒரு தம்பியும் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில அஞ்சு கம்பி பேஸ் ஒன்றை ஆம்ப்ல செருகி, ஸ்லாப் அடிச்சுக் காட்டினார். தம்பி கண்ணு விரிஞ்சு நிக்கிறான். நான் கேபிளைக் கழட்டிட்டு மடியில வச்சு வெறுமனே தட்டிப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிப் போச்சு. கரண்ட் இல்லாம வாசிச்சாத்தான் எந்த ஃப்ரெட் (கழுத்தில குறுக்கே இருக்கிற உலோகக் கோடு) கரகரக்குது, எந்தச் சுரம் சீக்கிரம் செத்துப் போகுதுன்னு தெரியும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில அழுத்திப் பிடிச்சு, நடுவில ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி எவ்வளவு தூக்கி நிக்குதுன்னு பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற அளவு இடைவெளி சரி. அதிகமா இருந்தாலும் பயமில்ல, ட்ரஸ் ரொட் (கழுத்து வளைவைச் சரிபண்ற உள் தண்டு) திரும்புதான்னு மட்டும் கேட்டுக்கங்க. திரும்பலன்னா எவ்வளவு மலிவா தந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க.

நமக்கு இது ஏன் முக்கியம்னா, கொழும்புச் சூட்டில செட் பண்ணின பேஸை நுவரெலியாவுக்கு, 1,800 மீட்டருக்கு மேல, ஈரக் காத்துக்குக் கொண்டு வர்றோம். மரம் அசையத்தான் செய்யும். கொண்டு வந்து ஒரு வாரம் அப்படியே விட்டுட்டு, அப்புறம் ட்ரஸ் ரொட்டை அலன் கீயால கால் சுத்து, காத்திருந்து தேவைன்னா இன்னொரு கால் சுத்து. நம்ம ஊர்ல இதைச் செய்யிற ஆளைத் தேடுறதைவிட நாமளே பழகிக்கிறது சுலபம். கம்பியைத் துடைக்காம உறையில போட்டா பனிக்காலத்தில துரு பிடிச்சுடும், அது வேற கதை.

எது வாங்கலாம்னு கேட்டா, நான் பிரெசிஷன் பேஸ் பக்கம். ஃபெண்டர் அதை 1951ல கொண்டு வந்தாங்க, ரெண்டா வெட்டின பிக்கப் 1957ல வந்துச்சு. அந்தப் பிக்கப் இரைச்சலைத் தானே வெட்டிக்கும். 1960ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்பும் ஒரே அளவில திறந்திருந்தா இரைச்சல் இல்ல, ஒன்றைக் குறைச்சீங்கன்னா ட்யூப் லைட், டிம்மர், பக்கத்து ட்ரான்ஸ்போமர் எல்லாம் பாட ஆரம்பிக்கும். எர்த் சரியில்லாத பழைய வயரிங் உள்ள மண்டபங்கள்ல வாசிக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்ல. தம்பி கடைசியில வாங்கினது யமஹா டிஆர்பிஎக்ஸ்174. நாலு கம்பி, பேட்டரி தேவையில்ல, ரெண்டு வகை பிக்கப்பும் இருக்கு. இன்னிக்கும் அதிலதான் வாசிக்கிறான்.

அக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரி உள்ளது) வாங்குறவங்களுக்கு ஒன்று: கேபிள் செருகி இருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும். ஆராதனை முடிஞ்சதும் கேபிளைப் பிடுங்கி வைங்க. ஞாயிற்றுக்கிழமை காலைல ஒன்பது வோல்ட் பேட்டரி தேடி பண்டாரவளை டவுன்ல அலையிற ஆட்களை எனக்குத் தெரியும்.

மஸ்கெலியா மைனர்:

ஜப்பான்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்ட் ஆம்ப் பற்றி யாரும் சொல்லலியே. சாமான் நல்ல சாமான், விலையும் பரவாயில்ல. ஆனா பின்னால இருக்கிற தகட்டைப் படிச்சுட்டு வாங்குங்க. 100 வோல்ட்னு போட்டிருந்தா நம்ம 230ல நேரா செருகினா அங்கேயே புகை. கண்டிப் பக்கம் ஒரு கடையில கேட்டேன், "எல்லாம் ஓடும், போட்டுப் பாருங்க"ன்னாங்க. டோர்ச் அடிச்சுத் தகட்டைக் காட்டினதும் "அதுக்கு ஒரு ட்ரான்ஸ்போமர் வேணும்தான்"னு மெதுவாச் சொன்னாங்க. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் விலையையும் பாரத்தையும் கூட்டிப் பார்த்தேன். ஆம்பைவிட ட்ரான்ஸ்போமரைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறுறதுதான் பெரிய பாடு. வாங்கல.

மிதிகட்டை:

எல்லாரும் பெடலைக் கடைசி வரிசைக்குத் தள்ளிட்டீங்க. தலவாக்கலையிலருந்து ஒரு எதிர்க்குரல்.

நான் வாசிக்கிற குழு ஒரு இரவில பைலாவும் வாசிக்கும், இளையராஜா காலத்துப் பாட்டும் வாசிக்கும், ரஹ்மான் பாட்டும் வாசிக்கும். பைலா சத்தம் வேற, ரஹ்மான் பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச கீத் பீட்டர்ஸ் மாதிரி ஒருத்தர் வாசிச்ச வரிகளோட சத்தம் வேற. ஒரே பேஸ், ஒரே கை. கம்ப்ரஸர் ஒன்று இல்லாம எனக்கு முடியாது. மெதுவா விரல்ல வாசிச்சதும் வேகமா அடிச்சதும் ஒரே மட்டத்தில போனா சவுண்ட்காரர் என் ஃபேடர்ல கைவைக்கிறதே இல்ல. அதுக்கு முன்னால ட்யூனர் பெடல். அது சுருதிக்கு மட்டும் இல்ல, மிதிச்சா சத்தம் நின்னுடும். அறிவிப்பாளர் பேசும்போது கம்பி உரசுற சத்தம் மைதானம் முழுக்கக் கேக்காது.

ஓவர்டிரைவ்ல (சத்தத்தை அழுக்காக்குற பெடல்) கவனம். கிட்டார்காரர் தர்ற பச்சைக் கலர் பெடலை வாங்கி மிதிச்சீங்கன்னா கீழ் சத்தம் காணாம போயிடும், ஏன்னா அது கிட்டாருக்காக கீழ் சத்தத்தை வெட்டுறதுக்குன்னே செஞ்சது. பேஸ்காரன் பார்க்க வேண்டியது பிளெண்ட் குமிழ் இருக்கான்னு. சுத்தமான சத்தம் கீழ ஓட, அழுக்கு மேல ஏறும். ஒக்டேவ் பெடலும் (ஒரு ஸ்தாயி கீழ சத்தம் சேர்க்கிறது) அப்படித்தான். மேல் கம்பிகள்ல அழகா இருக்கும், கீழ ஏ கம்பியைத் தாண்டினா பெரும்பாலான பெடல்கள் சுரத்தைப் பிடிக்க முடியாம தடுமாறும்.

கரண்ட் விஷயம்: அநேகமா எல்லாம் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். கடையில கிடைக்கிற பொது அடாப்டர்ல நடு முனை பொசிட்டிவா இருக்கும், பார்த்துச் செருகுங்க. ஒரே அடாப்டர்ல வரிசையா நாலஞ்சு டிஜிட்டல் பெடலைக் கோர்த்தா கீச்சுன்னு ஒரு இரைச்சல் வரும். தனித்தனியாப் பிரிச்சுத் தர்ற சப்ளை விலை கூடத்தான். 2022ல டொலர் 200லருந்து 360 வரைக்கும் போனப்ப ஒரு பெடல் விலைக்கு முன்னால ஒரு பேஸே வாங்கியிருக்கலாம் போல ஆச்சு. அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒரு சின்ன மல்டி எஃபெக்ட் (பல பெடல் ஒரே பெட்டியில). ஸூம் பி1 ஃபோர் மாதிரி. பேட்டரில ஓடும், ட்யூனர் உள்ளேயே இருக்கு, டிரம் தாளமும் போடும், மழைக் கோட்டுப் பொக்கெட்லயே போயிடும்.

குளிரூர்க்காரன்:

மேல எழுதினதெல்லாம் சத்தம் பற்றி. நான் உயிர் பற்றிச் சொல்றேன்.

நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில மாரியம்மன் திருவிழா. கரண்ட் லயத்து வீட்டிலருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இழுத்த வயர், அது போனா ஜெனரேட்டர். மழை நின்னு புல்லெல்லாம் ஈரம், மேடைப் பலகையும் ஈரம். எங்க பாடகர் கிட்டாரும் வாசிப்பார். மைக்ல உதடு பட்டதும் "ஸ்ஸ்"னு பின்னால சாய்ஞ்சார். சனம் அதை ஸ்டைல்னு நெனச்சுக் கை தட்டுது. நான் பாட்டை நிறுத்திட்டு டெஸ்டரைக் கம்பில வச்சேன், லேசா எரிஞ்சது. ஆம்ப் செருகின எக்ஸ்டென்ஷன்ல எர்த் வயரே இல்ல. மைக் மிக்சருக்குப் போகுது, மிக்சருக்கு எர்த் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில மனுஷன். தோட்டத்து எலக்ட்ரீஷியன் ஓடி வந்து எல்லாத்தையும் ஒரே இடத்தில, எர்த் உள்ள பிளக்ல மாத்தினார். அப்புறம்தான் வாசிச்சோம்.

இரைச்சல் போகணும்னு சில பேர் பிளக்கில எர்த் வயரை வெட்டி விடுறாங்க. செய்யாதீங்க. டிஐ பெட்டியில கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது சிக்னல் வயரோட எர்த்தை மட்டும் பிரிக்கும், இரைச்சலும் போகும், பாதுகாப்பும் இருக்கும். ட்ரிப் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று சொந்தமா வச்சுக்கங்க, அதோட ஒரு டெஸ்டர். என் கிட்டார் பையில பிக்கைவிட முக்கியமா இருக்கிறது அதுதான்.

ராத்திரிக் குளிர்ல வேன்ல கிடந்த ஆம்பைச் சூடான மண்டபத்துக்குள்ள கொண்டு வந்ததும் ஒன் பண்ணாதீங்க. உள்ள வேர்க்கும். அரை மணி நேரம் திறந்து வைங்க.

டயகம தம்பி:

எல்லாம் வாசிச்சேன் அண்ணன்மாரே. நான் இருக்கிறது லயத்தில. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. ஆம்ப் வாங்கினா எங்க வச்சு வாசிக்கிறது?

நாலுகம்பி ஹட்டன்:

அதற்குத்தான் ஹெட்ஃபோன் வாய் உள்ள சின்ன கொம்போ. ஃபெண்டர் ரம்பிள் 25, 40 இரண்டிலும் ஹெட்ஃபோனும் இருக்கிறது, ஃபோனைச் செருகிப் பாட்டோடு வாசிக்க ஒக்ஸ் வாயும் இருக்கிறது. காசு இருந்தால் 40-க்குப் போ. அதன் பின்னால் எக்ஸ்எல்ஆர் வாய் (மைக் வயர் செருகுவது) உண்டு, மிக்சருக்கு நேராகக் கொடுக்கலாம், தனி டிஐ தேவையில்லை. 25-இல் அது இல்லை. 40 எட்டுக் கிலோ அளவுதான், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரலாம். இப்போதைக்கு ஆம்பே வேண்டாம் என்றால் மிதிகட்டை சொன்ன ஸூமிலும் ஹெட்ஃபோன் வாய் இருக்கிறது. (மிதிகட்டை, சிரிக்க வேண்டாம்.)

மஸ்கெலியா மைனர்:

தம்பி, அந்த ஸூமையே வாங்கு. என்கிட்ட ஒரு டிஐ பெட்டி சும்மா கிடக்கு, ஞாயிறு ஹட்டன் வர்றப்ப எடுத்துட்டு வர்றேன், வந்து வாங்கிக்க. பேட்டரி மட்டும் நீ போட்டுக்கணும்.