மறு: ‘சோக்’ – அடைப்பான் வேண்டாம், செறிவூட்டி

குழுவினருக்கு வணக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம் கார்புரேட்டர். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப அதில் உதவும் அமைப்பான ‘சோக்’குக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், முன்பு வந்த யோசனை இது:

> கார்புரேட்டர் சோக்குக்கு ‘அடைப்பான்’ போதும். காற்றை அடைக்கிறது, அதனால் அடைப்பான்.

முந்தைய மடலில் நானும் இதற்குத் தலையசைத்தேன். குளிரில் திணறும் குவாட் வண்டிக்கான (நான்கு சக்கரத் திறந்த வண்டி) பழுதுபார்ப்புக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்த பிறகு மனம் மாறிவிட்டது. நான் எழுதிய வரி இது: “அடைப்பானை எடுத்ததும் இன்ஜின் நின்றால் அடைப்பை எடுக்கவும்.” கொட்டும் பனியில் கையுறையோடு நிற்பவர் இதைப் படித்து எதை எடுப்பார்?

சோக்கின் வேலையிலிருந்து தொடங்குவோம். குளிர்ந்த இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. கணிசமான பகுதி துளிகளாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் முழுமையாக எரியும் என்பார்கள். எரிவது ஆவியான பெட்ரோல்தான் என்பதால், குளிரில் அந்தக் கணக்குக்கு மேலேயே ஊட்ட வேண்டும். அப்படிக் கூடுதலாக ஊட்டுவதுதான் வேலை. காற்றை அடைப்பது அதற்கான வழிகளில் ஒன்று.

கார்புரேட்டர் வைத்த குவாட்கள் பலவற்றில் அந்த வழியே இல்லை. காற்றை மறிக்கும் தகடு கிடையாது. நெம்புகோலைப் போட்டால் ஒரு சிறு உலக்கை மேலேறி, கூடுதல் பெட்ரோலுக்கென்று தனி வழியைத் திறந்துவிடுகிறது. தகடு வகையில் சோக் போட்டால் மூடுகிறது. இதில் சோக் போட்டால் திறக்கிறது. ஒரே செயலுக்கு இரண்டு நேர்எதிர் வினைகள்! ‘அடைப்பானைத் திறக்கவும்’ என்று எழுதினால் பாதி வண்டிகளுக்குத் தவறான அறிவுரை ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. உலக்கை வகை வேலை செய்ய த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முடுக்கி) மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் இன்ஜின் இழுக்கும் வெற்றிடம் அந்தத் தனி வழியில் பெட்ரோலை உறிஞ்சும். வண்டி கிளம்பவில்லையே என்று த்ராட்டிலை அழுத்த அழுத்த, வெற்றிடம் குறைந்து கலவை மெலிகிறது, கிளம்பவே கிளம்பாது. ‘அடைப்பான்’ என்று கேட்டவர் “காற்றை அடைத்திருக்கிறதே, கொஞ்சம் திறந்துவிடுவோம்” என்று நினைப்பது இயல்பு. சொல்லே அவரைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

உண்மையான அடைப்புகளுக்கு அந்தச் சொல்லை நாம் விட்டுவைக்கவும் வேண்டும். சோக் போட்டால் மட்டும் ஓடி, சூடான பிறகும் எடுத்த உடனே நின்றுவிடும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பைலட் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஒரு நுண்துளைப் பாகம். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய பெட்ரோலின் பிசின் அதை எளிதில் அடைத்துவிடும். அங்கே சரியாக இருந்தால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பு குளிரில் விறைத்து வெடித்துக் காற்றை உள்ளே விடுகிறதா என்று பார்க்கலாம். இன்னொரு வகை விசித்திரமானது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் குளிர்ந்து, காற்றின் ஈரம் உள்ளேயே பனியாகப் படிகிறது. வெளியே 0 டிகிரிக்கு மேல் இருந்தாலும் இது நடக்கும். வண்டி திணறி நிற்கும். சில நிமிடம் விட்டால் இன்ஜின் சூட்டில் பனி உருகி, தடயமே இல்லாமல் மீண்டும் ஓடும். இதற்கு ‘பனியடைப்பு’ என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! ‘அடைப்பான்’ பக்கத்தில் நின்றால் அது குழம்பிப்போகும்.

ஆகவே என் முன்மொழிவு ‘செறிவூட்டி’. செறிவூட்டிய யுரேனியம் என்று நாளிதழ் படிப்பவருக்கும் தெரிந்த வேர். அடர் கலவையைச் ‘செறிந்த கலவை’ என்றும் அதன் எதிரியை ‘மெலிந்த கலவை’ என்றும் சொன்னால் மூன்றும் ஒரு குடும்பமாகிவிடும். தகடு வகையைத் தனித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘காற்றடைப்பிதழ்’ என்போம்.

> செறிவூட்டி நீளமாக இருக்கிறது. மெக்கானிக் யாரும் சொல்ல மாட்டார்.

பேச்சில் சோக் இருக்கட்டும், அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் மெக்கானிக்குகளின் வினைச்சொற்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்: சோக் போடு, சோக் எடு. திற, மூடு என்பவை சிக்கிக்கொள்ளும் இடத்தில் போடு, எடு இரண்டு வகைக்கும் பொருந்துகின்றன.

திருத்திய வரி: “இன்ஜின் சூடான பிறகும் செறிவூட்டியை எடுத்ததும் நின்றால், பைலட் ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். கிளப்பும்போது செறிவூட்டியைப் போட்டு, த்ராட்டிலைத் தொடாதீர்கள்.”

பைலட் ஜெட்டுக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘தொடக்கத் துளை’ என்று முயன்றேன். அது கிளப்புவதற்கு மட்டும் உரியது என்று பொருள்பட்டுவிடுகிறது. வண்டி சும்மா நின்று ஓடும்போது பெட்ரோல் தருவது அதுதான். அந்த நிலைக்கு உங்கள் பக்கம் வழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள்.