சிலிக்கான் டோப்பிங்கும் குப்ரேட் டோப்பிங்கும் ஒண்ணுதானா?

புதுஹோல்:
லாந்தனம் காப்பர் ஆக்சைடு பத்தி படிச்சிட்டு இருக்கேன், குப்ரேட்னு சொல்ற காப்பர் ஆக்சைடு வகைல ஒண்ணு. ஒரு காப்பருக்கு ஒரு ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்), பேண்ட் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய எனர்ஜி நிலைகளோட தொகுப்பு) பாதிதான் நிரம்பியிருக்கு, அப்போ மெட்டலா இருக்கணும் ஆனா இன்சுலேட்டர், காரணம் எலக்ட்ரான்களுக்குள்ள இருக்கற விலக்கம், அதுவரைக்கும் புரிஞ்சுது. லாந்தனத்துல கொஞ்சத்தை எடுத்துட்டு ஸ்ட்ரான்ஷியம் போட்டா, அதாவது டோப் பண்ணா, சூப்பர்கண்டக்டர் ஆகுது. சிலிக்கான்ல போரான் போட்டா பேண்ட் அப்படியே இருக்கும், ஃபெர்மி லெவல் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கற மட்டம்) மட்டும் இறங்கும். இங்கயும் அதேதானா? அந்த ஹோல் காப்பர்ல உக்காருதா ஆக்சிஜன்லயா?

படிகவாசி:
ஹோல் பெரும்பாலும் ஆக்சிஜன்லதாங்க. ஒரே காப்பர்ல ரெண்டு ஹோல் இருக்கணும்னா கிட்டத்தட்ட 8 எலக்ட்ரான்வோல்ட் செலவு, ஆக்சிஜன்ல இருந்து ஒரு எலக்ட்ரானை காப்பருக்கு தள்ள 2 போதும், அதனால இதை சார்ஜ் டிரான்ஸ்ஃபர் இன்சுலேட்டர்னு சொல்றாங்க. ஹோல் ஒரு காப்பரை சுத்தி இருக்கற நாலு ஆக்சிஜன்லயும் பரவி அந்த காப்பரோட ஸ்பின்னோட சிங்லெட்டா (ரெண்டு ஸ்பின்னும் ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ற ஜோடியா) சேந்துக்கும், 1988-ல ஜாங்கும் ரைஸும் சொன்னது இதுதான்.

பேண்ட் அப்படியே இருக்குமான்னா இருக்காது, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச இடம் இது. ஹப்பர்ட் மாடல்ல (ஒரே சைட்ல ரெண்டு எலக்ட்ரான் இருந்தா மட்டும் விலக்கம்னு வச்சுக்கற எளிய மாடல்) 100 சைட் எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு எலக்ட்ரான். விலக்கம் இல்லாத கீழ் பேண்ட்ல 100 நிலை, ஒரே சைட்ல ரெண்டாவது எலக்ட்ரான் வர்ற மேல் பேண்ட்ல 100. இப்போ ஒரு எலக்ட்ரானை எடுங்க. காலியான சைட்ல மேல் ஸ்பின்னும் போடலாம் கீழ் ஸ்பின்னும் போடலாம், எதுக்கும் விலக்கம் இல்ல, ஆக கம்மி எனர்ஜில ரெண்டு காலி நிலை, மேல் பேண்ட்ல 99தான் மிச்சம். சிலிக்கான்ல ஒரு ஹோலுக்கு ஒரு காலி நிலைதான் வரும், இங்க மேல் பேண்டே கரையுது. எக்ஸ்ரே அப்சார்ப்ஷன்ல இது நேராவே தெரியும், ஸ்ட்ரான்ஷியம் ஏற ஏற மேல் பீக் சின்னதாகி கீழ ஒரு புது பீக் வளரும்.

நோடல்கோடு:
மேல சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, ஃபெர்மி சர்ஃபேஸும் (உந்த வெளியில நிரம்பின நிலைக்கும் காலி நிலைக்கும் நடுவுல இருக்கற எல்லை) மாறுது. நிறைய டோப் பண்ண தாலியம் குப்ரேட்ல குவாண்டம் ஆசிலேஷன் (காந்தப்புலத்தை மாத்தும்போது வர்ற ஏற்ற இறக்கம்) அளந்தா பிரில்லுவான் மண்டலத்துல (உந்த வெளியோட அடிப்படைக் கட்டம்) சுமார் 65 சதவீதம் பிடிக்கற பெரிய சர்ஃபேஸ், சாதாரண பேண்ட் கணக்கு சொல்றது அதேதான். கம்மியா டோப் பண்ண ஒய்பிசிஓவுல (இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) 2007-ல பாத்தது வெறும் 2 சதவீத பாக்கெட். அது சார்ஜ் ஆர்டரால (மின்னூட்டம் அலை மாதிரி ஒழுங்கா அடுக்கிக்கறது) சர்ஃபேஸ் உடைஞ்சு வர்றது, அதனால ஆர்பெஸ்ல (ஒளியால எலக்ட்ரானை வெளிய தள்ளி அளக்கற முறை) தெரியற ஃபெர்மி ஆர்க்கோட, அதாவது சர்ஃபேஸோட துண்டு வளைவோட, அதை அப்படியே ஒண்ணாக்கிடாதீங்க. ஆர்க்குக்கு காரணம் சூடோகேப் (நிலைகள் பாதி காணாமப் போற எனர்ஜி இடைவெளி), ஆன்டிநோட் பக்கம் (மண்டலத்தோட விளிம்புகள் பக்கம்) எலக்ட்ரான்களை முழுங்கிடுது, மூலைவிட்டத்துல மட்டும் விட்டு வைக்குது. அது ஏன் வருதுங்கறதுலதான் இன்னும் சண்டை ஓடுது.

புதுஹோல்:
நன்றிங்க, அந்த 100 சைட் கணக்கு பிரமாதம். அப்போ எலக்ட்ரான் டோப் பண்ணா அதோட கண்ணாடி பிம்பமா வருமா?

படிகவாசி:
வராது. நியோடிமியம் குப்ரேட்ல சீரியம் போட்டா எலக்ட்ரான் காப்பர்லயே போய் உக்காரும், அந்த காப்பரோட ஸ்பின் காணாமப் போயிடும், அவ்வளவுதான், மத்த ஸ்பின் ஒழுங்கு பெருசா கெடாது. ஆன்டிஃபெரோமேக்னடிசம் (பக்கத்து பக்கத்து ஸ்பின் எதிர் எதிரா நிக்கற ஒழுங்கு) 13 சதவீத டோப்பிங் வரைக்கும்கூட தாங்கும். ஸ்ட்ரான்ஷியம் பக்கம் 2 சதவீதத்துலயே போயிடுது, ஏன்னா ஹோல் ரெண்டு காப்பருக்கு நடுவுல இருக்கற ஆக்சிஜன்ல வந்து அந்த ரெண்டு ஸ்பின்னையும் ஒரே திசைக்கு திருப்பப் பாக்குது, சுத்தி இருக்கறவங்க எதிர் எதிரா நிக்கணும்னு பாக்கறாங்க.