பொல்பெத்தோனே உதவி: கறி ரப்பராகி நீர் விடுகிறது, பீன்ஸில் செய்தது பசையாகிறது

நெய்விளக்கு:
வணக்கம். இத்தாலிய பொல்பெத்தோனே (கைமாவையோ காயையோ கலந்து பெரிய கட்டியாக அவனில் வேகவைப்பது) இரண்டு வகை செய்தேன், இரண்டுமே சரியாக வரவில்லை. அளவுகளை அப்படியே தருகிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

கறி வகை: கொழுப்பில்லாத மாட்டுக்கறி கைமா 1 கிலோ, முட்டை 4, பாக்கெட் ரொட்டித்தூள் 60 கிராம், துருவிய பார்மிஜானோ சீஸ் 80 கிராம், உப்பு 2 தேக்கரண்டி, பூண்டு, பார்ஸ்லி, மிளகு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு சப்பாத்தி மாவு மாதிரி 10 நிமிடம் பிசைந்தேன். நடுவில் உறைந்த பாலக்கீரை 300 கிராம் (உருகியதும் அப்படியே), ஒரு உருண்டை மொசரெல்லா, அவித்த முட்டை 3. பிரெட் டின்னில் அழுத்தி 200 டிகிரியில் 1 மணி 15 நிமிடம். வெளியே எடுத்ததும் வெட்டினேன். டின்னில் ஒரு டம்ளருக்கு மேல் கலங்கல் நீர். மேலே நீளவாக்கில் பெரிய வெடிப்பு. துண்டு ரப்பர் மாதிரி எகிறுகிறது, நடுவில் வைத்தது தனியாகக் கழன்று விழுகிறது.

காய் வகை: ஜெனோவா பக்கத்து பீன்ஸ் பொல்பெத்தோனே. பீன்ஸ் 500, உருளைக்கிழங்கு 500, ரிக்கோட்டா (மென்மையான, ஈரமான சீஸ்) 250, முட்டை 2. வெந்த பிறகும் உள்ளே கோந்து மாதிரி இருந்தது, வெட்டினால் கத்தியோடு வந்தது.

கரண்டிக்காரர்:
முதலில் கறி. இரண்டிலுமே பிரச்சினை நீர்தான், ஆனால் எதிரெதிர் திசையில். கறியில் இருக்கும் நீர் உள்ளேயே நிற்க வேண்டும். காயில் இருக்கும் நீர் அவன் அடுப்புக்குள் போகும் முன்பே வெளியேறியிருக்க வேண்டும்.

ரப்பர் ஆனதற்குக் காரணம் அந்த 10 நிமிடப் பிசையல். உப்பு பட்டதும் கறியிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வரும். பிசையப் பிசைய அது வலை மாதிரி பின்னிக்கொள்ளும். சூட்டில் அந்த வலை இறுகி நீரைப் பிழிந்து தள்ளும். சாசேஜுக்கு வேண்டியது இந்த இறுக்கம், பொல்பெத்தோனேவுக்கு வேண்டாதது. கொழுப்பில்லாத கறியும் 4 முட்டையும் சேர்ந்தபோது இறுக்கம் இன்னும் கூடிவிட்டது. கிலோவுக்கு 2 முட்டைக்கு மேல் போகாதீர்கள்.

ரொட்டித்தூளைக் காய்ந்தபடி போட்டதும் தவறு. அது கறியின் சாற்றைத்தான் உறிஞ்சும். இத்தாலியச் சமையலில் பழைய ரொட்டியின் உள்பகுதியைப் பாலில் ஊறவைத்துச் சேர்ப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. ஊறிய ரொட்டிக் கூழ் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து அவை பின்னுவதைத் தடுக்கும், தன் நீரையும் விடாமல் வைத்திருக்கும். மென்மை வருவது இதனால்தான்.

அளவு இப்படி மாற்றுங்கள். மாட்டுக்கறி 600, பன்றிக்கறி 400. ஓரம் நீக்கிய முந்தைய நாள் ரொட்டி 120 கிராம், பால் 150 மி.லி. இனிப்பில்லாத ரொட்டியாகப் பாருங்கள், நம் ஊர் பேக்கரி பிரெட்டின் இனிப்பு கடைசியில் நாக்கில் நிற்கும். 10 நிமிடம் ஊறியதும் முட்கரண்டியால் கட்டியில்லாமல் மசித்து, அந்தக் கூழிலேயே முட்டை 2, சீஸ் 80 கிராம், உப்பு 12 கிராம், பார்ஸ்லி, நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகு, ஜாதிக்காய் கால் தேக்கரண்டி எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள். கறி கடைசியில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு. விரல்களை விரித்து வைத்துக்கொண்டு கிளறுங்கள், உள்ளங்கையால் அழுத்தவே கூடாது. ஒன்றரை நிமிடம் போதும். வெள்ளைத் திட்டு எங்கும் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தால் கொஞ்சம் ஒட்டி நின்று பிறகு மெதுவாக விழ வேண்டும். உடனே வழிந்தால் ஈரம் அதிகம், ஒரு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் சேருங்கள். விழவே இல்லை என்றால் இன்னும் 2 மேசைக்கரண்டி பால்.

உருட்டும் முன் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துத் தோசைக்கல்லில் சுட்டு உப்பு பாருங்கள். பார்மிஜானோவுக்குப் பதில் பெக்கோரினோ ரொமானோ சீஸ் போட்டால் உப்பை 8 கிராமாகக் குறைக்க வேண்டும், அது பார்மிஜானோவைவிட மிகவும் உப்பு.

நெய்விளக்கு:
நன்றி ஐயா. உருட்டும் விதம், டின், சூடு இதையும் சொல்ல முடியுமா? வீட்டில் ஒருவர் பன்றி சாப்பிட மாட்டார், அதற்கும் வழி வேண்டும்.

உலைமூடி:
ஒட்டாமல் கழன்று விழுவதற்குச் சோள மாவு 3 கரண்டி சேர்த்தால் போதுமே? எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

கரண்டிக்காரர்:
சோள மாவு வேண்டாம் உலைமூடி. பிடித்துக்கொள்ளும், ஆனால் துண்டு வழவழப்பாகிக் கறியின் சுவையை மூடிவிடும். இங்கே கழன்று விழுந்தது ஒட்டும் பொருள் குறைந்ததால் இல்லை. நடுவில் இருந்த ஈரம் ஆவியாகி, கறிக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கிவிட்டது. மொசரெல்லாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்குப் பதில் ஈரம் குறைந்த சீஸான ஸ்கமோர்த்சா அல்லது ப்ரோவொலா, விரல் தடிமன் குச்சிகளாக 120 கிராம். மொசரெல்லாதான் கிடைக்கிறது என்றால் முந்தின இரவே நறுக்கி, வடிகட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கீரையை இரண்டு கையாலும் உருண்டையாகப் பிழியுங்கள். அடுத்த பிழியலுக்கு ஒரு சொட்டும் வராத வரை பிழிய வேண்டும். பிறகு சட்டியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் சுருண்டு காயும்வரை வதக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். முட்டையை 8 நிமிடம் மட்டும் அவியுங்கள், அவனில் இன்னொரு தடவை வேகப்போகிறது. அதிகம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும், அது கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலுள்ள கந்தகமும் சேர்வதால் வருவது. உரித்த முட்டையைத் துணியால் துடைத்து மைதாவில் புரட்டி வையுங்கள், கறி அதில் நன்றாகப் பிடிக்கும்.

உருட்டுவதற்கு: பட்டர் பேப்பரில் கலவையை 35 செ.மீ.க்கு 28 செ.மீ., ஒன்றரை செ.மீ. தடிமனில் பரப்புங்கள். முதலில் ப்ரொஷூத்தோ கொத்தோ, அதாவது வேகவைத்த ஹாம், தாள்களை விரியுங்கள், கீரையின் ஈரத்தைக் கறியில் படாமல் தடுப்பது அதுதான். அதன்மேல் கீரை, சீஸ், வரிசையாக முட்டை. நாலு பக்கமும் 3 செ.மீ. விளிம்பு வெறுமையாக இருக்கட்டும். பேப்பரைத் தூக்கிப் பாய் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி, நனைத்த கையால் மடிப்பையும் இரண்டு முனைகளையும் தடவி மூடுங்கள். பிறகு இரண்டு கைக்கும் நடுவே நாலைந்து தட்டு தட்டுங்கள். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிவது வெடிப்புக்கு ஒரு காரணம். ரொட்டித்தூளில் புரட்டி, அதே பேப்பரில் சுற்றி, 1 மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

டின்னை விட்டுவிடுங்கள். டின்னுக்குள் அது தன் சாற்றிலேயே அவியும், மேல்புறம் மட்டும் காயும். தட்டையான தட்டில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து 180 டிகிரி. முதல் 35 நிமிடம் பேப்பரோடு, பிறகு பேப்பரைத் திறந்து எண்ணெய் தடவிச் சிவக்கவிடுங்கள். 200 டிகிரியில் திறந்து வைத்தால் வெளியே சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே பின்னால் விரியும்போது வெளிப்புறம் பிளக்கும். உங்களுக்கு நீளவாக்கில் பிளந்தது அப்படித்தான்.

நேரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். 55வது நிமிடத்திலிருந்து பாருங்கள், சிலருக்கு 70 நிமிடம்கூட ஆகும். நுனி நடுப்பகுதிவரை போக வேண்டும். கொத்திய மாடு, பன்றி, ஆட்டுக்கறிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74. முழுத்துண்டு கறியைக் கொஞ்சம் சிவப்பாகச் சாப்பிடலாம், கைமாவில் அது கூடாது. கொத்தும்போது வெளிப்பரப்பில் இருக்கும் கிருமி உள்ளே முழுக்கப் பரவிவிடும். 71 எட்டியதும் எடுங்கள், 80 வரை விட்டால் மேலே சொன்னது எதுவும் காப்பாற்றாது. 15 நிமிடம் ஆறியபின் ரம்பப்பல் கத்தியால் 2 செ.மீ. துண்டுகள்.

பன்றி இல்லாமல் என்றால் மாடு 1 கிலோவுக்கு (20 சதவீதம் கொழுப்புள்ளது கேளுங்கள்) ரொட்டி 150, பால் 190 மி.லி. கோழி என்றால் நெஞ்சுப்பகுதி வேண்டாம், தொடைக்கறியைக் கொத்தச் சொல்லுங்கள், 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் சேருங்கள். ஹாமுக்குப் பதில் மெல்லிய ஆம்லெட் ஒன்றை விரிக்கலாம், அதே வேலையைச் செய்யும்.

குசினி:
போஞ்சிக்கு (பீன்ஸுக்கு) நான் சொல்லுறன். தங்கச்சி, உருளைக்கிழங்கை எப்பிடி அவிச்சனீங்கள், எதிலை மசிச்சனீங்கள்? போஞ்சியை?

நெய்விளக்கு:
தோலை உரித்து, துண்டு போட்டு வேகவைத்தேன் அக்கா. பிறகு பீன்ஸ், கிழங்கு, ரிக்கோட்டா எல்லாம் ஒன்றாக மிக்ஸியில்.

குசினி:
கோந்து வந்ததே அந்த மிக்ஸியாலைதான். வெந்த கிழங்கின்ரை கலங்களை பிளேடு வெட்டித் திறந்துவிடும், உள்ள இருக்கிற மாச்சத்து முழுக்க வெளியில வந்து பசையாகும். பிறகு எவ்வளவு நேரம் அவனில வைச்சாலும் அது மாறாது. தோலோடை முழுசா அவிச்சு, சூடாயிருக்கேக்கயே உரிச்சு, கிழங்கு பிழியுற அச்சில பிழியுங்கோ. இடியப்ப உரலும் நல்லா வேலை செய்யும். வெட்டி அவிச்சால் தண்ணியும் குடிச்சுப்போடும். புதுக்கிழங்கு வேண்டாம், பழைய மாக்கிழங்கு எடுங்கோ.

போஞ்சியை உப்புத் தண்ணியில 9, 10 நிமிசம் அவியுங்கோ, நகம் வைச்சால் பிளக்கவேணும். வடிச்சு, துணியில விரிச்சு, ஆவி அடங்கினாப் பிறகு கத்தியால பொடியா வெட்டுங்கோ. மிக்ஸி இதுக்கும் வேண்டாம். போஞ்சி கடிபடவேணும், அதுதான் இந்தச் சாப்பாட்டின்ரை ருசியே.

ஜெனோவா இருக்கிற லிகூரியா மாகாணத்தில ரிக்கோட்டா போடுறதைவிட பிரெஷின்சோவா எண்டு ஜெனோவாவின்ரை புளிப்புத் தயிர்க்கட்டிதான் பழைய முறை. அது இல்லாட்டி ரிக்கோட்டா 150 போதும், உங்கட 250 கூடிப்போச்சு. ஒரு மணித்தியாலம் துணியில கட்டித் தொங்கவிடுங்கோ. முட்டை 3, பார்மிஜானோ 80 கிராம். காய்ஞ்ச போர்ச்சினிக் காளான் 15 கிராமை இளஞ்சூட்டுத் தண்ணியில 20 நிமிசம் ஊறவிட்டு, பிழிஞ்சு, சின்ன வெங்காயத்தோடையும் உள்ளியோடையும் வதக்கிச் சேருங்கோ. ஊறின தண்ணியை ஊத்தாதேங்கோ.

வாசத்துக்கு மர்ஜோரம் கட்டாயம். ஓரிகானோ வேறை, அது முரட்டு மணம். எங்கட பூமாலையில கட்டுற மரு இந்தச் செடிதான். ஆனால் பூக்கடை மருவைச் சமையலுக்கு எடுக்காதேங்கோ, மருந்தடிச்சிருப்பாங்கள். வீட்டுச் சட்டியில வளர்த்தது நல்லது.

இதை உருட்டுறதில்லை. 26 செ.மீ. தட்டில எண்ணெய் பூசி, பாண் தூள் (ரொட்டித்தூள்) தூவி, 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கோ. முள்ளுக்கரண்டியால மேல குறுக்கும் நெடுக்குமாக் கோடு இழுங்கோ. அந்தக் கோட்டு மேடுதான் மொறுமொறுப்பாச் சிவக்கும். மேல பாண் தூளும் ஆலிவ் எண்ணெயும். 180 டிகிரியில 45 நிமிசம். சுடச்சுட வெட்டினால் கட்டாயம் குழையும், அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கோ. ஜெனோவாவில இதை இளஞ்சூட்டில அல்லது ஆறினாப் பிறகுதான் சதுரமா வெட்டித் தருவினம்.

உலைமூடி:
அவன் அடுப்பு இல்லாதவர்கள் கறி வகையை எப்படிச் செய்வது?

கரண்டிக்காரர்:
நாப்போலி (நேப்பிள்ஸ்) முறையில் தக்காளிச் சாற்றிலேயே வேகவிடலாம். ஆனால் ஒன்றரை கிலோவை ஒரே கட்டியாகத் திருப்ப முடியாது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மைதாவில் புரட்டி, அடிகனமான சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் 3 நிமிடம் அசைக்காமல் சிவக்கவிடுங்கள். அது தானாகச் சட்டியை விட்டு விலகிய பிறகே திருப்ப வேண்டும், இரண்டு தோசைத் திருப்பிகளை இருபுறமும் கொடுத்து. பிறகு வெங்காயம், அரைத்து வடிகட்டிய தக்காளி 700 கிராம், அரை டம்ளர் தண்ணீர், மூடி போட்டு மிகக் குறைந்த தீயில் 45 நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். சாறு தளதளவென்று கொதித்தால் கறி பிளந்துவிடும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். இதற்கும் அதே 71 டிகிரிதான். அந்தச் சாற்றில் பாஸ்தாவும் ஆகிவிடும்.

நெய்விளக்கு:
இரண்டையும் திரும்பச் செய்தேன். கறி 64வது நிமிடத்தில் 71 வந்தது, தட்டில் மூன்று கரண்டி சாறு மட்டும், அதுவும் தெளிவாக. துண்டு மென்மையாக வந்தது, முட்டை நடுவில் அப்படியே நிற்கிறது. ஒரு முனையில் மட்டும் சின்னப் பிளவு, சீஸ் அங்கே வழிந்துவிட்டது. இடியப்ப உரலில் பிழிந்த கிழங்கு பொலபொலவென்று விழுந்தது, பீன்ஸ் பொல்பெத்தோனே சதுரமாகவே வந்தது அக்கா. மீதிக் கறியை எப்படி வைப்பது?

கரண்டிக்காரர்:
முனைப் பிளவுக்குக் காரணம் சீஸ் குச்சி விளிம்புவரை போனது. அடுத்த தடவை முனைகளில் 4 செ.மீ. விடுங்கள்.

வெட்டாமல் முழுத்துண்டாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். குளிர்ந்தபடியே வெட்டினால் ஒரு செ.மீ. மெல்லிசாகக்கூட உடையாமல் வரும். சூடு வேண்டுமானால் துண்டுகளைத் தக்காளிச் சாற்றிலோ சூப்பிலோ மூழ்கவிட்டு மூடி வைத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள், வெறும் மைக்ரோவேவில் காய்ந்துவிடும். ஃப்ரீசரில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அவித்த முட்டை இல்லாமல் செய்யுங்கள், உறைந்து உருகிய வெள்ளைக்கரு தோல் மாதிரி ஆகி நீர் விடும்.