புதுப்பிப்பு: விசாகப்பட்டினம் மாலை கார் சுற்றுலா, போய் வந்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, முட்டி வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கிட்டு வைசாக்ல வழிகாட்டியோட மாலை டிரைவ் போகலாமான்னு. டிசம்பர் கடைசியில போயிட்டு வந்தோம். பதில் போட்டவங்களுக்கு நன்றி.

முதல்ல ஒரு விஷயம். 'கடல்ல சூரிய அஸ்தமனம்'னு சொல்லித்தான் புக்கிங் வாங்கினாங்க. அது கிழக்குக் கடற்கரை! சூரியன் முதுகுப் பக்கம் மலைக்குப் பின்னாடிதான் இறங்குது. மெரினாவைப் பார்த்து வளர்ந்த எனக்கே இது உறைக்கலை பாருங்க. போதாக்குறைக்கு வண்டி 40 நிமிஷம் லேட். அங்க நம்ம சென்னையை விட சீக்கிரமே இருட்டிடும், அதனால கடலோரத்துல இருக்கிற தென்னேட்டி பார்க்கை ஓடுற வண்டியிலிருந்தே பார்த்தோம். 2020 அக்டோபர்ல வங்கதேசக் கப்பல் கரை ஒதுங்கினது இங்கதான்னு வழிகாட்டி கை காட்டினார்.

ஆனா கைலாசகிரி மலை எல்லாத்துக்கும் ஈடு கட்டிடுச்சு. கார் மேல வரைக்கும் போகுது, ரோப்கார் வேண்டியிருக்கலை. சிவன் பார்வதி சிலைக்குப் பக்கத்துல கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, கீழே பீச் ரோடு விளக்கு ஒவ்வொண்ணா எரிஞ்சு, கரை வளைஞ்சு போறது கோடு போட்ட மாதிரி தெரியுது. அம்மா அரை மணி நேரம் நகரவே இல்லை.

கடற்கரையில அருங்காட்சியகமா வெச்சிருக்கிற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள நான் மட்டும் போனேன். குனிஞ்சு நுழையற வட்டக் கதவு, அம்மாவுக்குச் சரிப்படாது.

போறவங்க நாலு மணிக்கே கிளம்பிடுங்க. ஸ்வெட்டர் தேவையில்லை, தலைக்கு ஒரு துண்டு போதும், மேல காத்து பிச்சு உதறுது.