சபையில நர்ஸ் வைக்க நிதி உதவி எங்க கேக்கலாம்? (கடலூர்)

மஞ்சக்குப்பம் சிஸ்டர்
எல்லாருக்கும் வணக்கம். நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ. எட்டு மாசமா எங்க சபையில ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் ஒரு மேசை போட்டு பிபி, சுகர் பாக்குறேன். போன மாசம் தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு தாத்தா வந்தாரு, ஊசிய குத்திப் பாத்தா சுகர் 380, சரி செருப்ப கழட்டுங்க தாத்தான்னு சொல்லி கால தூக்கிப் பாத்தா குதிகால்ல மீன் முள்ளு ஒடிஞ்சு உள்ளயே கெடக்கு, சுத்தி கருத்துப் போயிருக்கு, அவருக்கு வலியே தெரியல. எப்ப குத்துச்சுன்னு கேட்டா "எதும்மா?"ன்றாரு. அப்பவே ஆட்டோ வச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனோம், காலு தப்பிச்சுது.

அன்னிலேர்ந்து எனக்கு தூக்கம் இல்ல. சர்ச்சுக்கு நடந்து வர முடிஞ்சவங்களதான நான் பாக்குறேன், வீட்டுல படுத்திருக்கவங்கள யாரு பாக்குறது? வாரத்துல மூணு நாளு ஒரு சின்ன வயசு நர்ஸ சம்பளத்துக்கு வைக்கணும். அமெரிக்காவுல சபை நர்ஸுக்கு கிராண்ட் குடுக்குறாங்கன்னு பையன் சொல்றான். நமக்கு கெடைக்குமா? சிப்காட் கம்பெனிங்ககிட்ட கேக்கலாமா?

புதுவை கணக்கன்
சிஸ்டர், நான் ட்ரஸ்ட் கணக்குகள் பாக்குறவன், தெரிஞ்சத சொல்றேன். வெளிநாட்டு பணம் நேரா உங்க சபை அக்கவுண்ட்டுக்கு வரக்கூடாது, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவு வேணும். அதுக்கு மூணு வருஷம் நடந்த அமைப்பா இருக்கணும், அந்த மூணு வருஷத்துல சேவைக்கு 15 லட்சம் செலவு பண்ணிருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல தனி அக்கவுண்ட் வேற. உங்க மேசைக்கு இது ரொம்ப பெரிய சட்டை.

ஆனா ஒரு வழி இருக்கு. எஃப்சிஆர்ஏ இருக்குற சொசைட்டி ஏதாவது உங்க திருச்சபைக்குன்னு இருக்கும்ல. அந்தச் சட்டத்தோட 2020 திருத்தத்துக்கு அப்புறம் அவங்க வாங்குன பணத்த உங்களுக்கு மாத்தி விட முடியாது, கேட்டு சங்கடப்படுத்தாதீங்க. அதுக்கு பதிலா நர்ஸ அவங்களே அவங்க சம்பளப் பட்டியல்ல எடுத்து உங்க சபையில வேலை பாக்க வைக்கலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு பயப்படுவாங்க, ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் மாதிரி நேரடி சேவைக்கான சம்பளம் நிர்வாகச் செலவுல வராதுன்னு ரூல்லயே இருக்கு, எடுத்துச் சொல்லுங்க.

சிப்காட் விஷயம். சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்குற பணத்துல, நோய்த்தடுப்பு வேலைக்கு எடம் இருக்கு. ஆனா செய்யிற அமைப்புக்கு வருமான வரியில 12ஏ, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 பதிவு மூணும் வேணும், மூணு வருஷ அனுபவமும் கேப்பாங்க. முக்கியமா ஒரு மதத்துக்காரங்களுக்கு மட்டும்னா அங்கயே முடிஞ்சுது. அதனால மேசைய ஆலயத்துக்குள்ள போடாதீங்க, வாசல் கேட் பக்கம் போடுங்க, ரோட்டுல போறவங்களும் வரட்டும்.

நர்சிங் டீச்சர்
அக்கா, பையன் சொன்னது சரிதான், ஆனா அந்தக் கதைய முழுசா கேட்டுக்கோங்க. கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க்குன்னு ஒரு லுத்தரன் போதகர் 1984-ல சிகாகோ பக்கத்துல பார்க் ரிட்ஜ்ல, லூத்தரன் ஜெனரல் ஆஸ்பத்திரியோட சேர்ந்து இந்த சபை நர்ஸ் திட்டத்த ஆரம்பிச்சார், ஆறு சபையில ஆறு நர்ஸ். மொதல்ல சம்பளத்துல பெரும்பங்கு ஆஸ்பத்திரி குடுத்துச்சு, வருஷா வருஷம் அத கொறச்சுகிட்டே வந்து கடைசில சபையே ஏத்துக்கணும்னு மொதல் நாளே பேசி வச்சிருந்தாங்க. நான் பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்கும்போது இதத்தான் அழுத்திச் சொல்லுவேன். கிராண்ட்ட நம்பி மட்டும் தொடங்குனா பணம் நின்ன மாசமே நர்ஸும் நின்னுடுவா, வீட்டு வாசல்ல காத்துகிட்டு இருக்க பாட்டிக்கு நாம என்ன பதில் சொல்றது? மொத வருஷமே சபை கால் பங்காவது போடணும் அக்கா. அறுப்பின் பண்டிகையில சபையார் காணிக்கையா கொண்டு வர்ற பொருள ஏலம் விடுறோம்ல, அந்த ஏலப் பணத்துல ஒரு பங்க இதுக்குன்னு ஒதுக்கச் சொல்லுங்க. பூசணிக்காய ஆயிரம் ரூவாய்க்கு ஏலம் எடுக்குற சபைதான நம்ம சபை, மனசு இருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

இன்னொண்ணு, அங்க சபை நர்ஸோட முக்கிய வேலை கேக்குறது, கத்துக்குடுக்குறது, சரியான எடத்துக்கு அனுப்புறது. மருந்து எழுதுறது, ட்ரிப் போடுறதுன்னு எறங்கிடாதீங்க.

நெல்லிக்குப்பம் ஆள்
மாத்திரைக்கு பணம் கேட்டு எழுதாதீங்கம்மா. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லேர்ந்து பிபி, சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து தருது. எங்க அம்மாவுக்கு அப்படித்தான் வருது, ஆனா அம்மா அத பாதி நாள் முழுங்குறதே இல்ல, டப்பால அப்படியே இருக்கும். பக்கத்துல உக்காந்து ஏன் சாப்பிடலன்னு கேக்க ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் நர்ஸுன்னு எழுதுங்க.

மஞ்சக்குப்பம் சிஸ்டர்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெல்லிக்குப்பம் தம்பி சொன்னத அப்படியே எழுதிக்கிட்டேன். நோட்டுல 112 பேரோட வயசு, ரீடிங், தேதி எல்லாம் இருக்கு, இந்து, முஸ்லிம் வீட்டு ஆளுங்களும் பதினெட்டு பேரு இருக்காங்க. கமிட்டில ஏலப் பணத்த பத்தி பேசுறேன், எங்க போதகர் ஐயர் ஒத்துக்குவாருன்னு நம்பிக்கை இருக்கு. கணக்கர் தம்பி, அந்த நோட்ட அப்படியே சொசைட்டிகிட்ட காட்டலாமா?

புதுவை கணக்கன்
பேரு இல்லாம காட்டுங்க சிஸ்டர். எத்தன பேரு, எத்தன பேருக்கு சுகர் 200-க்கு மேல, அதுல எத்தன பேரு திரும்ப வரல, இந்த மூணையும் ஒரே பக்கத்துல எழுதுங்க. திரும்ப வராதவங்க எண்ணிக்கைய மேல போடுங்க, நீங்க கேக்குற நர்ஸு அவங்களுக்காகத்தான.